எடையைக் குறைத்தாச்சு, பயம் மட்டும் குறையவில்லை: மறுபடி ஏறிவிடுமோ என்ற அச்சம் எங்கிருந்து வருகிறது, என்ன செய்யலாம்

டயட் இருந்து நினைத்த எடையைத் தொட்டவர்களில் நிறையப் பேருக்கு, தொட்ட பிறகுதான் பயமே ஆரம்பிக்கிறது. குறைத்துக்கொண்டிருந்த வரை வாரா வாரம் எண் இறங்கியது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள், என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. இலக்கு வந்ததும் அந்தத் தெளிவு போய்விடுகிறது. இனிமேல் எவ்வளவு சாப்பிடலாம்? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகலாமா? போய்விட்டு வந்து மறுநாள் காலையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால், இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் வீணா?

மலேசியாவில் இந்தக் கேள்வியோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 2019இல் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு அதிக எடையோ உடல் பருமனோ இருந்தது, 2023இல் அது 54.4 விழுக்காடாக ஏறியது. அதனால் எடை குறைப்பது பற்றி எல்லா இடத்திலும் பேச்சு இருக்கிறது. குறைத்த பிறகு வாழ்வது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை.

"தைரியமாக இரு" என்று சொல்லி இந்தப் பயத்தைத் துரத்த முடியாது, ஏனென்றால் அதில் ஒரு பகுதி நியாயமானது. உடம்பு நிஜமாகவே இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். இன்னொரு பகுதி, மெஷின் காட்டும் எண்ணைத் தப்பாகப் படிப்பதால் வருவது. இரண்டும் கலந்து கிடப்பதால்தான் ஒன்றுமில்லாத நாளில் பதறுகிறோம், கவனிக்க வேண்டிய நாளில் மெஷின் பக்கமே போகாமல் இருக்கிறோம்.

முதலில் மூன்று சொற்கள்

1. பராமரிப்பு: எடையைக் குறைக்கவும் கூட்டவும் இல்லாமல், இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளும் காலம். இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

2. ஏற்ற இறக்கம்: தண்ணீர், உப்பு, வயிற்றில் இருக்கும் உணவு இவற்றால் ஒரே வாரத்துக்குள் எடை ஏறி இறங்குவது. இது எல்லாருக்கும் நடக்கும், எப்போதுமே ஒல்லியாக இருப்பவர்களுக்கும்.

3. மறு ஏற்றம்: கொழுப்பு நிஜமாகவே திரும்பச் சேர்வது. இது மெதுவாக, வாரக் கணக்கில் மாதக் கணக்கில் நடப்பது.

நம் பயம் பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது என்று நினைப்பதால் வருகிறது.

உடம்பு ஏன் திரும்பக் கேட்கிறது

எடை குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவான சக்தி போதும். தூக்கிச் சுமக்க வேண்டிய பாரமே குறைந்துவிட்டதே. அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது என்பதை 1995இல் அமெரிக்காவில் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆனால் பலர் நினைப்பதுபோல "மெட்டபாலிசம் கெட்டுப்போச்சு" என்பது இதில் பெரிய பங்கு இல்லை. பெரிய பங்கு பசிக்குத்தான். கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு போட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி கிட்டத்தட்ட 100 கலோரி கூடுகிறது. 10 கிலோ குறைத்தவருக்கு இது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எந்தப் பக்கம் இழுப்பு அதிகம் என்பது இதில் தெரிகிறது.

இந்தப் பசி சீக்கிரம் அடங்குவதும் இல்லை. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 50 பேர் 10 வாரம் கடுமையான டயட்டில் எடை குறைத்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் முழுதாகச் சரியாகவில்லை.

அதனால் இலக்கைத் தொட்டு ஆறு மாதம் ஆகியும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது என்றால், அதை உங்கள் ஒழுக்கக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1944, 1945இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பரிசோதனையில் ஆரோக்கியமான 36 இளைஞர்கள் 24 வாரம் பாதிப் பட்டினி கிடந்து தங்கள் எடையில் சுமார் கால் பங்கை இழந்தார்கள். அவர்களுக்குக் குண்டாவோமோ என்ற கவலை எதுவும் முன்பு இருந்ததில்லை. அவர்களே நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள், சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு முட்டச் சாப்பிட்டும் நிறைவு வரவில்லை என்றார்கள். பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் யோசிக்கும்.

ஒரே இரவில் இரண்டு கிலோ: கணக்கு என்ன சொல்கிறது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டும் என்றால், உங்கள் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 15,400 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி என்று வைத்தால், அது 50 ரொட்டி சானாய்க்கு மேல். எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. அப்படியானால் மெஷின் காட்டிய அந்த இரண்டு கிலோ என்ன?

1. கிளைகோஜன். சோறு, ரொட்டி, இனிப்பு இவற்றிலிருந்து வரும் மாவுச்சத்தை உடம்பு தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது, மொத்தம் ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். டயட்டில் சோற்றைக் குறைத்திருந்தபோது இந்தச் சேமிப்பு வற்றியிருக்கும், சாதாரணமாகச் சாப்பிட்டதும் திரும்ப நிரம்பும். டயட்டின் முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்கியதே, அதுவும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். இறங்கும்போது அதை வெற்றி என்று கொண்டாடிவிட்டு ஏறும்போது தோல்வி என்று அழுவது நியாயம் இல்லை.

2. உப்பு. பினாங்கில் நாலைந்து கறியின் குழம்பைக் கலந்து ஊற்றிய நாசி கண்டார் சாப்பிட்ட மறுநாள், மோதிரம் இறுக்கமாக இருப்பதை நீங்களே கவனித்திருக்கலாம். உப்புக்கு ஏற்ற அளவு தண்ணீரை உடம்பு பிடித்துவைக்கும், இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும்.

3. மாதவிடாய். பல பெண்களுக்கு அதற்கு முந்தைய நாட்களில் எடை ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல் கூடும். இந்த வார எடையைப் போன வார எடையோடு ஒப்பிடாமல், போன மாதம் இதே நாட்களில் இருந்த எடையோடு ஒப்பிட வேண்டும். எடை பற்றிய அறிவுரைகளில் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் நாலைந்து நாள் காரணமே இல்லாமல் தன்னைத் திட்டிக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்!

4. வயிற்றில் இருக்கும் உணவு, மலச்சிக்கல், புதிதாகப் பளு தூக்கிய பிறகு தசையில் வரும் வீக்கம். இவை எல்லாம் சின்னவை, ஆனால் ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணில் தெரியும்.

பயமே எடையை ஏற்றும் வழி

பயத்தைக் கையாளாமல் விட்டால் அது வெறும் மன வேதனையோடு நிற்பதில்லை, அதனால்தான் இந்தப் பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வழக்கமாக நடப்பது இது. எண் கொஞ்சம் ஏறுகிறது. பயந்துபோய் மறுநாள் காலையில் பசியாறுவதில்லை, மதியம் ஓர் ஆப்பிள். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு நெரிசலில் மாட்டி வீட்டுக்கு வரும்போது பசி உச்சத்தில் இருக்கிறது, வரும் வழியிலேயே மாமாக் கடை. ஒரு ரொட்டி என்று ஆரம்பித்தது மூன்றில் முடிகிறது. அதன்பின் வரும் நினைப்புதான் ஆபத்து: "இன்றைக்கு எல்லாம் போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்."

இதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் நடத்திய பரிசோதனையில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, சிலருக்குக் கொடுக்காமல், அப்புறம் எல்லாரையும் ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். டயட் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஏற்கெனவே வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள், விதி உடைந்துவிட்டது என்று ஆனதும் தடையும் போய்விட்டது. விதி எவ்வளவு இறுக்கமோ உடைவதும் அவ்வளவு பெரிதாக இருக்கும். இலக்கைத் தொட்ட பிறகும் டயட் காலத்து விதிகளையே பயத்தில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கடைசியில் இங்கே வந்து நிற்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு, வெளியே தெரியாது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பதோ, செவ்வாய் வெள்ளி சைவமாக இருப்பதோ பக்தியோடு சேர்ந்த விஷயம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எடைக்குப் பயந்தவர் தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ காவடி எடுத்து முடித்த பிறகும் விரதத்தை நீட்டிக்கொண்டே போனால், ஒரு வேளையை விட்டு இரண்டு வேளையை விட ஆரம்பித்தால், அது விரதம் என்ற பெயரில் நடக்கும் பட்டினி. முருகனுக்காக இருப்பதா, மெஷினுக்காக இருப்பதா என்று தனக்குத்தானே உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஒற்றை எண்ணை விட்டு ஒரு வரம்புக்கு மாறுவது

அப்படியானால் என்ன செய்வது? ஆய்வில் சோதித்துப் பார்த்த ஒரு முறை இருக்கிறது. 2006இல் ரீனா விங் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் குழு, சமீபத்தில் எடை குறைத்த 314 பேரை 18 மாதம் பின்தொடர்ந்தது. போக்குவரத்து விளக்கு மாதிரி மூன்று வண்ணம் வைத்து, எந்த வண்ணத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் கூடிப் பயிற்சி பெற்ற குழுவில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ மீண்டும் ஏறியவர்கள் சுமார் 46 விழுக்காடு. வெறும் செய்தி மடல் மட்டும் பெற்ற குழுவில் 72 விழுக்காடு. எல்லாரையும் காப்பாற்றும் முறை என்று சொல்ல முடியாது, ஆனால் வித்தியாசம் பெரிது.

அதை நம் வாழ்க்கைக்கு இப்படிப் பொருத்தலாம்:

1. அடிப்படையை அவசரமாக வைக்காதீர்கள். டயட் முடிந்த அன்று மெஷின் காட்டிய எண் கிளைகோஜன் வற்றிய எண். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று நான்கு வாரம் போனதும், அந்தக் கடைசி வாரத்தின் காலை எடைகளின் சராசரியை அடிப்படையாக எடுங்கள். அது இலக்கைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்தால், அதுதான் உங்கள் உண்மையான எடை.

2. பச்சை: அடிப்படைக்கு மேல் 1.4 கிலோவுக்குள். இந்த வரம்பில் எதையும் ஈடுகட்டக் கூடாது. வேளையை விடுவது, தண்டனைக்கு ஓடுவது எதுவும் கிடையாது. பயத்துக்கான சிகிச்சையே இந்தப் பச்சையில்தான் இருக்கிறது, ஏனென்றால் எண் ஏறியும் ஒன்றும் செய்யாமல் விட்டு, அது தானாக இறங்குவதை நாலைந்து தடவை கண்ணால் பார்த்தால்தான் மனசு நம்பும்.

3. மஞ்சள்: 1.4 முதல் 2.2 கிலோ வரை, அதுவும் வாரச் சராசரியில். இங்கே ஒன்றிரண்டு மாற்றம் மட்டும், முன்பே தாளில் எழுதி வைத்தது. தே தாரேக்கை தே ஓ கொசோங் ஆக்குவது, சுகாதார அமைச்சு சொல்லும் சூக்கு சூக்கு செப்பாரோ தட்டுப்படி சோறு கால் பங்கு, மீன் அல்லது கோழி அல்லது பருப்பு கால் பங்கு, காய்கறியும் பழமும் பாதி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர நடை.

4. சிவப்பு: 2.3 கிலோவும் அதற்கு மேலும். எந்த முறையில் குறைத்தீர்களோ அதே முறைக்கு சில வாரம் திரும்புங்கள். புதிய அதிரடி டயட் எதுவும் வேண்டாம்.

அமைதியாக இருக்கும்போது எடுத்த முடிவு கையில் இருந்தால், பதற்றமான காலையில் புதிதாக முடிவெடுக்கத் தேவை இல்லை. இந்த முறையின் பலம் அதுதான்.

தினமும் எடை பார்ப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1994இலிருந்து நடக்கும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓர் ஆண்டாவது காத்துவைத்தவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், 78 விழுக்காட்டினர் தினமும் காலையில் பசியாறுகிறார்கள், 90 விழுக்காட்டினர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். என் கருத்து, எண்ணைப் பார்த்துச் சும்மா குறித்துக்கொள்ள முடிகிறவர் தினமும் பார்க்கலாம், சராசரிக்கு அது நல்லது. எண் அன்றைய நாளையே கெடுக்கிறது என்றால் வாரம் ஒரு நாள், அதுவும் திங்கட்கிழமை வேண்டாம். கூடவே ஓர் அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள். ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி. தண்ணீரால் இரண்டு கிலோ ஏறினாலும் நாடா பெரிதாக மாறாது.

அந்த ஒரு மணி நேர உடற்பயிற்சி கேட்கவே மலைப்பாக இருக்கலாம். பிரித்துச் செய்யலாம். தித்திவங்சா ஏரியைச் சுற்றி, பினாங்கில் தாவரவியல் பூங்காவில், காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. வாரம் இரண்டு நாள் பளுப் பயிற்சியும் சேர்ந்தால் தசை கரையாமல் இருக்கும்.

சொந்தக்காரர்களின் வாய்

இந்தப் பயத்தில் பாதி மெஷினால் வருகிறது என்றால் மீதிக்கு ஆட்கள் காரணம். இளைத்தால் "என்ன, உடம்புக்கு ஏதாவது? முகமே வாடிப்போச்சு" என்பார்கள். அதே பெரியம்மா அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, "மறுபடி போட்டுட்டியே" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இரண்டு கிலோ கூடியவர் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே அடுத்த விருந்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்.

"நல்லா இருக்கேன் பெரியம்மா, டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை அவர் முழங்கால் வலிக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் நீங்கள் இப்படிப் பேசாதீர்கள்.

கொஞ்சம் ஏறினால் எல்லாம் வீணா

இல்லை, இதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேர் சேர்ந்தார்கள். உணவு, உடற்பயிற்சிக் குழு முதல் ஆண்டில் சராசரியாக 7 கிலோ அளவில் குறைத்தது, அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்ததாக 2002இல் அறிவித்தார்கள். அப்புறம் எடை மெல்ல மெல்லத் திரும்பியது, 10 ஆண்டு முடிவில் சுமார் 2 கிலோ குறைவுதான் மிஞ்சியது. அப்படியிருந்தும் அந்தப் 10 ஆண்டுக் கணக்கில் நீரிழிவு வந்த விகிதம், முதலில் வெறும் போலி மாத்திரை பெற்ற குழுவைவிட 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. சீனி நோய் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் நம் சமூகத்துக்கு இது பெரிய ஆறுதல். எடை குறைவாக இருந்த ஆண்டுகளில் இரத்தக் குழாய்க்கும் கணையத்துக்கும் கிடைத்த ஓய்வை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

ஊசி போட்டுக் குறைத்தவர்களுக்கு

செமாகுளூடைட் ஊசியால் குறைத்தவர்களின் பயம் கொஞ்சம் வேறு. 2022இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்திய ஓர் ஆண்டுக்குள் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மருந்து அடக்கி வைத்த பசி திரும்பி வருவதுதான் காரணம். அதனால் செலவு கட்டுப்படியாகவில்லை என்றாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை மருந்து எழுதிய டாக்டரோடு முன்பே பேசுங்கள்.

பயம் நோயாக மாறும்போது

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் வரம்பு, வண்ணம் எதையும் முயற்சி செய்ய வேண்டாம், முதலில் உதவி தேடுங்கள்:

1. ஒரே நாளில் பல தடவை எடை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2. சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, காய்ச்சலோடும் உடற்பயிற்சி செய்வது.

3. மாதவிடாய் நின்றுவிட்டது, தலை சுற்றுகிறது, எப்போதும் குளிர்கிறது.

4. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்க்கிறீர்கள், அல்லது யாரும் பார்க்காதபோது கட்டுப்பாடு இழந்து சாப்பிடுகிறீர்கள்.

5. எடை ஏற்கெனவே ஆரோக்கிய வரம்புக்குள் இருந்தும் (ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23க்குக் கீழே) இன்னும் குறைக்க வேண்டும் என்ற நினைப்பு விடவில்லை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளியில் டாக்டரைப் பார்க்கலாம், அவர் டயட்டீஷியனிடமோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார். வெளியே போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555க்கு அழைக்கலாம். டாக்டரிடம் "எடை குறைக்கணும்" என்று ஆரம்பித்தால் பேச்சு மறுபடி டயட்டுக்கே போய்விடும். "சாப்பிடவே பயமா இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள்.